பாதிப் பொருள் போதும்

தேர்வில் தெரியாத ஆங்கிலச் சொல் ஒன்று எதிரே வந்து நின்றால் என்ன செய்வது? யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான் கிடைக்கும்: "சூழலை வைத்து ஊகித்துக்கொள்." இந்த அறிவுரையின்மேல் எனக்கு நெடுநாளாக எரிச்சல் உண்டு. தண்ணீரில் தத்தளிப்பவனைப் பார்த்துக் கரையில் நின்றபடி "நீந்து" என்று சொல்வதைப் போன்றது அது. சூழல் என்றால் எது, அதில் எதைப் பார்க்க வேண்டும், பார்த்தும் ஒன்றும் தேறாவிட்டால் எந்தக் கட்டத்தில் கைவிட வேண்டும் என்பதை யாரும் சொல்வதில்லை. வெளிநாட்டுப் படிப்புக்கான ஐஇஎல்டிஎஸ், டோஃபல், ஜிஆர்இ போன்ற தேர்வுகளை எழுதப்போகிறவர்களோடு உட்கார்ந்து மாதிரித் தாள்களைப் புரட்டிப் புரட்டி எனக்குள் படிந்துபோன எண்ணம் ஒன்று உண்டு. தேர்வறையில் ஒரு சொல்லின் முழுப் பொருளைத் தேடுவது பெரும்பாலும் வீண் வேலை. கேள்வி எவ்வளவு பொருளைக் கேட்கிறதோ அவ்வளவு கிடைத்தால் போதும். பல நேரங்களில் பாதிப் பொருளே அதற்கு மிகுதி.

முதலில் ஒரு கணக்கு. சொல்வள ஆய்வாளர்களான மார்செல்லா ஹூ, பால் நேஷன் இருவரும் 2000-இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும். ஒரு கதையில் அரிய சொற்களை எடுத்துவிட்டு, அவற்றின் இடத்தில் பொருளே இல்லாத கற்பனைச் சொற்களை வைத்து, படிப்பவர்களுக்கு எவ்வளவு புரிகிறது என்று பார்த்தார்கள். யாருடைய துணையும் இல்லாமல் ஒன்றைப் படித்து நன்றாகப் புரிந்துகொள்ள, அதிலுள்ள சொற்களில் ஏறத்தாழ 98 சதவீதம் தெரிந்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். ஐம்பது சொல்லுக்கு ஒரு சொல் தெரியாமல் இருக்கலாம், அவ்வளவுதான்.

ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் வாசிப்புத் தாளில் மூன்று பகுதிகள். மொத்தம் 2,150 முதல் 2,750 சொற்கள் வரை. அப்படியானால் 98 சதவீதம் தெரிந்த கெட்டிக்கார வாசகருக்கே சுமார் ஐம்பது இடங்களில் கால் இடறும். கேள்விகள் 40, நேரம் 60 நிமிடம். இடறும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு நிமிடம் கொடுத்தால் கேள்விகளுக்கு மிஞ்சுவது பத்து நிமிடம். ஊகிக்கும் திறமை இரண்டாவதாகத்தான் வருகிறது. எந்தச் சொல்லை ஊகிக்காமலே தாண்டிப்போகலாம் என்று முடிவெடுப்பதுதான் முதல் திறமை. இதற்கு நெஞ்சழுத்தம் வேண்டும். நன்றாகப் படிப்பவர்களுக்குத்தான் இது கடினம் என்பதைக் கவனித்திருக்கிறேன். புரியாத ஒன்றைப் புரியாமலே விட்டுச் செல்வது அவர்களுக்குக் கௌரவப் பிரச்சினையாகிவிடுகிறது.

சரி, பாதிப் பொருள் என்றால் என்ன? ஒரு வாக்கியத்தைத் தமிழிலேயே தருகிறேன். தெரியாத சொல்லை மட்டும் ஆங்கிலத்திலேயே விடுகிறேன். "சில விதைகள் பல பத்தாண்டுகள் டெசிக்கேஷனைத் தாங்கிக் கிடக்கும், முதல் மழை விழுந்த சில மணி நேரத்தில் முளைவிடும்." அகராதி இல்லாமல் என்னென்ன தெரிகிறது? அது பெயர்ச்சொல், "ஷன்" என்ற முடிவே சொல்லிவிடுகிறது. அது "தாங்க" வேண்டிய ஒன்று, ஆகவே தீங்கானது. அது மழையால் முடிவுக்கு வருகிறது. ஆகவே மழைக்கு எதிரானது. வறண்டு போதல் என்ற பொருளுக்கு நாம் ஏற்கெனவே பக்கத்தில் வந்துவிட்டோம். ஆனால் கேள்வி எதைக் கேட்கிறது என்று பாருங்கள். "இந்த விதைகள் எவ்வளவு விரைவாக முளைக்கும்?" என்று கேட்டிருந்தால், மேலே செய்த வேலை அத்தனையும் தேவையற்றது. "விதைகள் எத்தகைய சூழ்நிலையைத் தாங்கும்?" என்று கேட்டிருந்தால்தான் மழைக்கு எதிரான ஒன்று என்பது வரை போக வேண்டும். அதற்கு மேல் ஒரு நூல்கூட நகர வேண்டியதில்லை.

வகை, திசை, வேலை என்று மூன்றாகப் பிரித்துப் பார்ப்பது எனக்கு உதவுகிறது. வகை என்றால் அது பெயரா, வினையா, அடையா என்பது. திசை என்றால் நல்லதா, கெட்டதா, கூடுகிறதா, குறைகிறதா. வேலை என்றால் அந்தச் சொல் வாக்கியத்தில் எதற்கு வந்திருக்கிறது: காரணம் சொல்லவா, மறுக்கவா, எடுத்துக்காட்டவா என்பது. இந்த மூன்றும் தெரிந்துவிட்டால் வாக்கியத்தின் எலும்புக்கூடு கைக்கு வந்துவிடும்.

பாதிப் பொருள் போதாத இடமும் உண்டு. "முந்தைய ஆய்வாளர்கள் கொண்டாடிய கருத்தைப் பிந்தையவர்கள் டிரைட் செய்தார்கள்" என்று ஒரு வாக்கியம். கொண்டாட்டத்துக்கு எதிர்த்திசை என்பது தெளிவு. விடைத் தெரிவுகள் "ஏற்றார்கள், விரிவாக்கினார்கள், எள்ளி நகையாடினார்கள், பாராட்டினார்கள்" என்றிருந்தால் திசை ஒன்றே விடையைக் கொடுத்துவிடும். "புறக்கணித்தார்கள், ஐயுற்றார்கள், எள்ளி நகையாடினார்கள், திருத்தினார்கள்" என்றிருந்தால் நான்கும் எதிர்த்திசைதான். அங்கே திசை கைகொடுக்காது. எவ்வளவு பொருள் வேண்டும் என்பதை நிர்ணயிப்பவை விடைத் தெரிவுகள். அவற்றைப் பார்ப்பதற்கு முன்பே சொல்லோடு மல்லுக்கட்டுவது காலத்தைக் கொட்டிக் கவிழ்ப்பதாகும்.

கல்விசார் ஆங்கிலத்தில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. ஒரு வாக்கியத்தில் கடினமான சொல்லைப் போட்டுவிட்டு, அடுத்த வாக்கியத்தை "இந்த" என்று தொடங்கி அதே கருத்துக்கு எளிய பெயர் ஒன்றைச் சூட்டிவிடுவார்கள். "நீண்ட முற்றுகையில் படை அட்ரிஷனால் நலிந்தது. இந்தப் படிப்படியான இழப்பு..." என்று போகும். அட்ரிஷன் என்னவென்று மண்டையை உடைத்துக்கொண்டு அந்த வாக்கியத்திலேயே நிற்பவர், விடையை அடுத்த வாக்கியத்தில் விட்டுவிட்டுத்தான் நிற்கிறார். அதனால் யாருக்கும் நான் முதலில் சொல்வது: நிற்காதீர்கள், இன்னும் ஒரு வாக்கியம் படியுங்கள். கோடுகளுக்கு நடுவே, அடைப்புக்குறிக்குள், காற்புள்ளிக்குப் பின் "அல்லது" என்று விளக்கம் வருவதும் இதே வகைதான். துறைச்சொல் என்றால் கவலையே வேண்டாம். ஐஇஎல்டிஎஸ் தாளில் அத்தகைய சொற்கள் வந்தால் அடியில் எளிய பொருள் விளக்கம் கொடுப்பார்கள். கொடுக்கவில்லை என்றால் பத்தியே விளக்குகிறது என்று கொள்ளலாம், அல்லது அந்தச் சொல் தெரியாமலே விடை எழுதிவிடலாம்.

இனி, சூழல் என்னும் தெய்வத்தைப் பற்றி. அது எப்போதும் வரம் தருவதில்லை. இசபெல் பெக், மார்கரெட் மெக்கியோன், எல்லன் மெக்காஸ்லின் மூவரும் 1983-இல் எழுதிய கட்டுரையில் சூழல்களை நான்காகப் பிரித்தார்கள். பொருளை நேராகச் சுட்டுவது ஒன்று. ஏதோ ஓரளவு காட்டுவது இன்னொன்று. எதுவுமே காட்டாதது மூன்றாவது. நான்காவதுதான் ஆபத்து: தவறான பொருளை நோக்கித் தள்ளிவிடுவது. "கப்பலிலிருந்து கடைசியாக இறங்கியவர் ஒரு டாசிடர்ன் மனிதர். அவர் தம் பெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தார்." இதில் டாசிடர்ன் என்றால் உயரமானவரா, கிழவரா, பணக்காரரா, அதிகம் பேசாதவரா? எத்தனை முறை படித்தாலும் தெரியாது, ஏனென்றால் வாக்கியத்தில் அது இல்லை. இதையே "கூட்டமே சிரித்து ஆர்ப்பரித்தபோது மேடையில் இருந்த டாசிடர்ன் மனிதரும் கலகலப்பாகப் பேசத் தொடங்கினார்" என்று எழுதிவிட்டால், அவசரத்தில் படிப்பவர், உண்மையில் அதிகம் பேசாதவரான அந்த ஆளைக் கலகலப்பானவர் என்றே முடிவுகட்டிவிடுவார்.

மார்ஷா பென்சுசானும் பாட்டியா லாஃபரும் 1984-இல் இதைப் பல்கலைக்கழக முதலாண்டு மாணவர்களிடம் சோதித்தார்கள். ஒரு பகுதியில் 70 சொற்களைக் கொடுத்துப் பொருள் கேட்டதில், சூழல் உதவிய சொற்கள் சிறுபான்மையே. மாணவர்கள் சூழலைப் பார்ப்பதைவிட, தமக்கு ஏற்கெனவே தெரிந்த ஏதோ ஒரு பொருளைச் சொல்லின்மேல் ஏற்றிவிடுவதையே நாடினார்கள். இந்த இரண்டாவது செய்திதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

சொல்லை உடைத்துப் பார்க்கும் வழக்கமும் இப்படித்தான். பின்னொட்டுகளை நான் நம்புவேன். அவை சொல்லின் வகையைச் சொல்கின்றன, அதிகம் பொய் சொல்வதில்லை. முன்னொட்டையும் வேரையும் அப்படி நம்ப முடியாது. "இன்" என்று தொடங்கினால் எதிர்மறை என்று மனப்பாடம் செய்தவர், தீப்பற்றக்கூடியது என்ற பொருள் தரும் இன்ஃப்ளேமபிள் என்ற சொல்லைத் தீப்பற்றாதது என்று வாசிப்பார். இன்வால்யுவபிள் என்றால் மதிப்பற்றது என்று நினைப்பார். உண்மையில் அது விலை மதிக்க முடியாதது. எனர்வேட் என்ற வினையில் எனர்ஜியின் சாயல் தெரிகிறது. பொருளோ வலுவிழக்கச் செய்வது. நாய்சம் என்பதற்கும் சத்தத்துக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. நாற்றமடிப்பது என்று பொருள். ரெஸ்டிவ் ஆனவர் ஓய்வாக இருப்பவர் அல்லர், நிலைகொள்ளாமல் இருப்பவர். பால் நேஷன் தரும் வரிசை இதற்கு நல்ல மருந்து: முதலில் வாக்கியத்தை வைத்து ஊகம், அதன் பிறகுதான் அந்த ஊகம் சரியா என்று பார்க்கச் சொல்லை உடைப்பது. வரிசையை மாற்றினால், உடைத்துப் பார்த்த பொருளுக்கு ஏற்ப வாக்கியத்தையே வளைத்துவிடுவோம்.

ஆனால் தமிழர்களாகிய நமக்கு இதையெல்லாம்விடப் பெரிய கண்ணி ஒன்று இருக்கிறது. தெரியாத சொல்லாவது தெரியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுகிறது. தெரிந்த முகத்தோடு வரும் சொல்தான் கழுத்தறுக்கும். நம் பேச்சில் எத்தனை ஆங்கிலச் சொற்கள் குடியேறியிருக்கின்றன! குடியேறியபோது அவை தம் பொருள்களில் ஒன்றை மட்டும் மூட்டைகட்டி எடுத்து வந்தன. மற்றவற்றை ஊரிலேயே விட்டுவிட்டன. அட்மிட் என்றால் நமக்கு ஆஸ்பத்திரி. தேர்வுப் பகுதியிலோ ஆய்வாளர் தம் முறையில் குறை இருப்பதை அட்மிட் செய்கிறார், அதாவது ஒப்புக்கொள்கிறார். ரிசர்வேஷன் என்றால் டிக்கெட் அல்லது இடஒதுக்கீடு. விமர்சகர்களுக்கு அந்தக் கோட்பாட்டின்மேல் ரிசர்வேஷன் இருந்தது என்றால், அவர்களுக்குத் தயக்கமும் ஐயமும் இருந்தன என்று அர்த்தம். கோட்பாட்டில் யாரும் இடம் பிடித்துவைக்கவில்லை. அரெஸ்ட் என்றதும் போலீஸ் நினைவுக்கு வருகிறது. கரையில் நட்ட மரங்கள் மண் அரிப்பை அரெஸ்ட் செய்தன என்றால் தடுத்து நிறுத்தின என்று பொருள். ஒரு ஆய்வாளர் நாவல் முறையைக் கையாண்டார் என்று படித்துவிட்டு அவர் கதை எழுதினார் என்று விடை குறிக்க வந்தவரை நான் அறிவேன்; அங்கே நாவல் என்றால் புதுமையான என்று பொருள்.

இவற்றில் தேர்வுத் தாளில் மிக அதிகம் தொல்லை கொடுப்பது மெயின்டெயின் என்று நினைக்கிறேன். நாம் வண்டியை மெயின்டெயின் செய்கிறோம், உடம்பை மெயின்டெயின் செய்கிறோம். கல்விசார் எழுத்தில் ஒருவர் ஒரு கருத்தை மெயின்டெயின் செய்தால், அதை வலியுறுத்திச் சொல்கிறார். பிறர் மறுத்தும் தம் நிலையில் நிற்கிறார் என்ற சாயலும் அதில் உண்டு. சரி, தவறு, குறிப்பிடப்படவில்லை என்று மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் ஐஇஎல்டிஎஸ் கேள்வியில் இந்தச் சாயல் விடையையே புரட்டிவிடும். அவர் ஒன்றை வலியுறுத்துகிறார் என்பது வேறு, அது உண்மை என்று பகுதி சொல்கிறது என்பது வேறு.

சின்னச் சொற்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "ஆல்", "பட்" இரண்டும் மழலையர் வகுப்புச் சொற்கள். சேர்ந்து வந்து, ஓர் உயிரினம் ஆல் பட் அழிந்துவிட்டது என்றால், ஏறக்குறைய அழிந்துவிட்டது, இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது என்று பொருள். எனிதிங் பட் எளிது என்றால், எளிதே அல்ல. நத்திங் பட் தொல்லை என்றால், தொல்லையைத் தவிர வேறில்லை. மூன்றிலும் ஒரே "பட்". அரிய சொற்களின் பட்டியலை உருப்போட்டவர்கள் இங்கேதான் அமைதியாக மதிப்பெண்ணை விடுகிறார்கள், விட்டது தெரியாமலே. இதற்கு நான் கண்ட ஒரே எச்சரிக்கை மணி: நன்றாகத் தெரிந்த சொல் ஒன்று வாக்கியத்தில் கொஞ்சம் அசட்டுத்தனமாக ஒலித்தால், நமக்குத் தெரிந்த பொருளைச் சந்தேகிக்க வேண்டும், எழுதியவரை அல்ல.

தேர்வுக்குத் தேர்வு விளையாட்டு மாறுகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஐஇஎல்டிஎஸ் சொற்பொருளை நேராகக் கேட்பதில்லை. பகுதியில் ஒரு விதமாகச் சொன்னதைக் கேள்வியில் வேறு விதமாகச் சொல்கிறது. அதனால் கேள்வித்தாளே பாதி அகராதி. பகுதியில் ஆர்ட்யூஅஸ் பயணம் என்றிருக்கும்; கேள்வியில் "பயணம் கடினமாக இருந்தது" என்றிருக்கும். இடத்தைக் கண்டுபிடித்துவிட்டால் கேள்வியே பொருளைக் காதில் சொல்லிவிடுகிறது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. கோடிட்ட இடத்தைப் பகுதியிலிருந்தே எடுத்த சொல்லால் நிரப்பச் சொல்லும் கேள்விகளில், பொருள் தெரியாத சொல்லையே விடையாக எழுதி முழு மதிப்பெண் பெறலாம். அங்கே பெயர்ச்சொல் வேண்டும், அது இந்த வினையின் செயப்படுபொருள், பகுதியில் அந்த இடத்தில் இருக்கும் பெயர்ச்சொல் இது. எழுத்துப்பிழை இல்லாமல் பார்த்து எழுதினால் போதும். முதல் முறை இதைச் சொல்லும்போது மாணவர்கள் ஏதோ குறுக்கு வழி போல என்னைப் பார்ப்பார்கள். குறுக்கு வழி ஒன்றுமில்லை. தேர்வு சோதிப்பதே அந்த இலக்கண வாசிப்பைத்தான்.

டோஃபலுக்கு நெடுங்காலம் அடையாளமாக விளங்கிய கேள்வி, "இந்தச் சொல்லுக்கு மிக நெருங்கிய பொருள் எது" என்பது. ஒவ்வொரு தெரிவையும் சொல்லின் இடத்தில் வைத்துப் படித்துப் பார் என்பார்கள். அதில் ஒரு சிக்கல்: இரண்டு மூன்று தெரிவுகள் அந்த இடத்தில் அழகாகவே பொருந்தும். பொருந்துவது வேறு, பொருளாவது வேறு. வாக்கியம் கைவிட்டால் பத்தியின் வாதத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். அதுவும் கைவிட்டால் ஒன்றைக் குறித்துவிட்டு நகர வேண்டும்.

அமெரிக்கக் கல்லூரிகளில் சேர எழுதும் சாட் தேர்வு, ஒரு சொல் இணையின் உறவைப் போன்ற உறவுள்ள இன்னோர் இணையைத் தேடச் சொல்லும் ஒப்புமைக் கேள்விகளை 2005-இல் கைவிட்டது. 2016-இல் அரிய சொற்களைக் கேட்கும் பழைய பாணியையும் விட்டது. இப்போதைய கணினி வடிவில் ஒவ்வொரு பகுதியும் 25 முதல் 150 சொற்கள்தான், ஒரு பகுதிக்கு ஒரே கேள்வி. இங்கே சூழலை முழுதாக நம்பலாம். கோடிட்ட இடத்துக்கு ஒரே விடைதான் சரி என்றால், அதைத் தீர்மானிக்கும் தடயம் அந்தச் சில வரிகளுக்குள் இருந்தே ஆக வேண்டும். தெரிவுகளைக் கையால் மறைத்துக்கொண்டு, அந்த இடத்தில் தமிழிலேயே ஒரு சொல்லை வைத்துவிட்டுப் பிறகு தெரிவுகளைப் பார்க்கச் சொல்வேன்.

ஜிஆர்இ 2011-இல் எதிர்ச்சொல், ஒப்புமைக் கேள்விகளை நீக்கிய பிறகும் சொல்வளத்தைக் கறாராகவே கேட்கிறது. அதில் ஆறு தெரிவுகளில் இரண்டைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி எனக்குப் பிடித்தது. இரண்டு சொற்களும் வாக்கியத்துக்கு ஒரே பொருளைத் தர வேண்டும். அதனால் ஒரு சொல் எவ்வளவுதான் பொருந்தினாலும் அதற்கு இணை இல்லையென்றால் அது விடையாக முடியாது. ஆறில் ஒன்று தெரியாத சொல் என்றாலும் மற்ற ஐந்தையும் இணை சேர்த்துப் பார்த்து அதன் தலையெழுத்தைக் கணிக்கலாம். ஆனால் வாக்கியத்தைப் படிக்காமல் இணைகளை மட்டும் தேடினால் மாட்டிக்கொள்வோம். வாக்கியத்துக்குப் பொருந்தாத ஓர் இணையையும் உள்ளே வைத்திருப்பார்கள். இந்த நான்கு தேர்வுகளிலும் தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. ஆகவே வெறுமனே விட்டுவிட்டு வருவதில் எந்தப் புண்ணியமும் இல்லை.

பயிற்சி செய்யும்போது எல்லோரும் செய்வது, மாதிரித் தாளை முடித்ததும் தெரியாத சொற்களை எல்லாம் அகராதியில் பார்த்து எழுதிக்கொள்வது. அதற்கு முன் ஒரு படி சேர்க்கலாம். அகராதியைத் திறக்காமல், ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் அது நல்லதா கெட்டதா என்பதற்கு ஒரு கூட்டல் அல்லது கழித்தல் குறி, அதோடு ஊகித்த பொருள், ஒன்றும் தோன்றாவிட்டால் ஒரு வட்டம். பிறகு அகராதி. திறந்ததும் முதல் பொருளை எடுத்துக்கொண்டு மூடிவிடக் கூடாது. பகுதியில் வந்தது எத்தனையாவது பொருள் என்று பார்க்க வேண்டும். கொஞ்ச நாளில் நம் சறுக்கல்களுக்கு ஒரு முகம் இருப்பது தெரியவரும். சிலருக்குக் குறி சரியாக இருக்கும், பொருள் விலகியிருக்கும். அவர்கள் கவலைப்பட வேண்டியதே இல்லை. சிலருக்குக் குறியே தலைகீழாக இருக்கும். அவர்கள் பெரும்பாலும் "ஆல்தோ", "டிஸ்பைட்", "அன்லைக்" போன்ற திருப்புச் சொற்களைத் தாவிப் படிக்கிறவர்கள்; சொல்வளத்தில் குறையில்லை, கண் ஓடும் வேகத்தில்தான் குறை.

மனப்பாடம் செய்ய ஏதாவது பட்டியல் இருந்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்கு, எவெரில் காக்ஸ்ஹெட் 2000-இல் வெளியிட்ட கல்விசார் சொற்பட்டியலைச் சொல்வேன். 570 சொற்குடும்பங்கள்தான் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறந்த வடிவங்களும் சேர்ந்து ஒரு குடும்பம்), ஆனால் கல்விசார் எழுத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு சொல் அவற்றிலிருந்து வருகிறது. புரட்டிப் பார்த்தால் பாதிக்கு மேல் நமக்கு முன்பே அறிமுகமானவை என்று தோன்றும். மெயின்டெயினும் அதில் இருக்கிறது.